ஜீன் வரைக்கும் போகிற புகை!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவர்களிடம் 'என்ன தொந்தரவு?' என்று கேட்டுப் பாருங்கள். அநேகம் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான். ''விடிஞ்சா தும்மல் சார். மூக்கடைப்பு, வறட்டு இருமல். இந்தத் தூசிதான் சார் ஒத்துக்கல!''

தூசி, புகை என்றால் மூக்கும் நுரையீரலும்தான் கெடும் என்பது நம் எண்ணம். இருமல் நின்றுவிட்டால், 'அப்பாடா, தொல்லை தீர்ந்தது' என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் கடந்த 20 ஆண்டுகளாக உலகம் முழுக்க நடந்துவரும் ஆராய்ச்சிகள், விஷயம் அதோடு முடிவதில்லை என்கின்றன. நாம் இழுக்கும் புகையின் பாதிப்பு செல்களுக்குள் இருக்கும் ஜீன்கள் வரை போகிறது. அவை வேலை செய்யும் விதத்தையே மாற்றுகிறது. தாய் வயிற்றில் இருக்கும் சிசுவும் இதற்குத் தப்புவதில்லை.

படித்தவுடன் பயந்துவிட வேண்டாம். 'எல்லாம் தலையெழுத்து' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். இதில் எவ்வளவு தூரம் உண்மை, நம் வீட்டளவில் என்ன செய்யலாம் என்று நிதானமாகப் பார்ப்போம்.

நம்ம ஊர்க் காற்றில் என்ன இருக்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உருவானது. இன்று வார்ப்படப் பட்டறை, லேத் பட்டறை, முலாம் பூசும் இடம், பெயிண்ட் அடிக்கும் இடம் எல்லாவற்றையும் ஒட்டினாற்போல வீடுகள், பள்ளிக்கூடங்கள். சி.டி.எச். ரோடு என்று நாம் சொல்லும் சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் பஸ்ஸும் லாரியும் ஓய்வதில்லை. பூந்தமல்லிக்காரர்களுக்கோ பெங்களூர் நெடுஞ்சாலையின் சரக்கு லாரிகள், வெளிவட்டச் சாலை, மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய மண் என்று வரிசை. கரன்ட் போனால் டீசல் ஜெனரேட்டர். போதாக்குறைக்குக் காலி மனையில் யாரோ கொளுத்திவிட்டுப் போன குப்பை.

இத்தனையிலும் மோசமானது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். 'பி.எம். 2.5' என்று பேப்பரில் போடுகிறார்களே, அதுதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இந்தத் துகளின் அளவு 2.5 மைக்ரான், அல்லது அதற்கும் கீழே. நம் தலைமுடியின் தடிமனில் 20-ல் ஒரு பங்குகூடத் தேறாது! பெரிய தூசியை மூக்கு ரோமமும் சளியும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதுவோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடும். அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்திலேயே கலந்துவிடும்.

ஒரு கன மீட்டர் காற்றில் இது ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2009-ல் இந்தியா வகுத்த அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை வெறும் 5 மைக்ரோகிராம் என்று வைத்துவிட்டது. ஆகவே, 'காற்று அளவுக்குள்தான் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், 'எந்த அளவுக்குள்?' என்று திருப்பிக் கேட்கலாம்.

பாட்டி காலத்து நோட்டு!

சரி, துகளுக்கும் ஜீனுக்கும் என்ன சம்பந்தம்?

நம் வீட்டில் பாட்டி எழுதி வைத்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் டி.என்.ஏ. அப்படிப்பட்ட நோட்டுதான். அதில் சுமார் 20 ஆயிரம் குறிப்புகள். அவைதான் ஜீன்கள். கண்ணில் இருக்கும் செல்லிலும் அதே நோட்டு, ஈரலில் இருக்கும் செல்லிலும் அதே நோட்டு. பிறகு கண் எப்படிக் கண்ணாகவும், ஈரல் எப்படி ஈரலாகவும் இருக்கின்றன? அந்தந்த இடத்துக்கு வேண்டிய பக்கம் மட்டும்தான் திறந்திருக்கும். மற்ற பக்கங்கள் மூடியிருக்கும்.

எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதற்கு உடம்பு சின்னச் சின்னச் 'சீட்டு' ஒட்டி வைத்திருக்கிறது. அவற்றில் முக்கியமானது 'மீதைல்' என்ற ரசாயனத் துணுக்கு. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஒரு ஜீனின் ஆரம்பத்தில் இந்தச் சீட்டு ஒட்டிக்கொண்டால், பொதுவாக அந்த ஜீன் அடங்கிக் கிடக்கும். சீட்டு உதிர்ந்தால் விழித்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கும்.

கவனியுங்கள். நோட்டில் எழுதியிருப்பது ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒட்டிய சீட்டு மட்டும்தான் மாறுகிறது. இதைப் பற்றிய படிப்புக்கு 'எபிஜெனடிக்ஸ்' என்று பெயர். 'எபி' என்றால் கிரேக்க மொழியில் 'மேலே'. 1942-ல் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி.

நுண்துகள் நுரையீரலுக்குள் போனதும் உடம்பு அதை எதிரியாக நினைத்துப் போராடுகிறது. அழற்சி உண்டாகிறது. செல்லுக்குள் ஒருவித ரசாயனத் துரு பிடிக்கிற மாதிரி நிலைமை. அந்தக் களேபரத்தில், சீட்டுகளை ஒட்டுகிற, பிரிக்கிற வேலை தடுமாறிப் போகிறது.

பட்டறையில் மூன்றே நாள்!

இதெல்லாம் கற்பனையா, கண்டறிந்ததா? இத்தாலியில் பிரெஷியா என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள உருக்காலைத் தொழிலாளிகள் 63 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் ரத்தம் எடுத்தார்கள். மூன்று நாள் வேலை பார்த்த பிறகு மறுபடியும் எடுத்தார்கள். அழற்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு ஜீனின் மேல் இருந்த மீதைல் சீட்டுகள் அதற்குள் குறைந்துபோயிருந்தன. இந்த முடிவு 2009-ல் வெளியானது. நம் தொழிற்பேட்டை வார்ப்படப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே 2009-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வயதான ஆண்கள் 718 பேரைப் பார்த்தார்கள். வாகனப் புகைத் துகள் அதிகமாக இருந்த நாட்களை அடுத்து எடுத்த ரத்தத்தில், டி.என்.ஏ.வின் சில பகுதிகளில் மீதைல் குறைந்திருந்தது. ஆண்டுக் கணக்கில் அல்ல, சில நாட்களிலேயே!

கனடாவில் ஆஸ்துமா உள்ள 16 பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு தடவை சுத்தமான காற்று, இன்னொரு தடவை அளவாகக் கலந்த டீசல் புகை என்று இரண்டு மணி நேரம் சுவாசிக்க வைத்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கே ரத்தச் செல்களில் மீதைல் சீட்டுகள் பல இடங்களில் மாறியிருந்தன. இது 2014-ல் வெளியானது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு மாறினாலே நோய் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. மாறுகிறது என்பது வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது. எந்த மாற்றம் எந்த நோயில் கொண்டுபோய் விடும் என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

போரூரில் பார்த்தது

'அதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்' என்று தள்ளிவிட முடியாது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் போரூரிலேயே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரை ஆரம்ப மாதங்களிலிருந்து பிரசவம் வரைக்கும் தொடர்ந்து கவனித்தார்கள். கிராமத்துப் பெண்கள், நகரத்துப் பெண்கள் இருவகையினரும் அதில் உண்டு.

2018-ல் முடிவு வந்தது. கர்ப்ப காலத்தில் சுவாசித்த பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. எடை குறைவான குழந்தைகள் பிறப்பது 2 சதவிகிதம் கூடியது. 'ப்பூ... நாலு கிராம்தானே, ஒரு ஸ்பூன் சர்க்கரை' என்று தோன்றும். ஒரு குழந்தைக்கு அது சின்னக் கணக்குதான். ஆனால் ஊரில் உள்ள எல்லாத் தாய்மார்களும் அந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்! விறகடுப்பு, பட்டறை, லாரி என்று சேரும் இடத்தில் 10 மைக்ரோகிராம் பல மடங்காகும்.

பெரியவர்களையும் பார்த்திருக்கிறார்கள். சென்னையிலும் டில்லியிலுமாக 12 ஆயிரம் பேருக்கு மேல் 2010-லிருந்து கவனித்த ஆய்வு 2023-ல் வெளியானது. பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடினால், புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 சதவிகிதம் கூடுகிறது என்றது அது. அரிசிச் சோற்றை மட்டும் திட்டிக்கொண்டிருந்தோம். காற்றுக்கும் பங்கு இருக்கிறது.

இந்த ஆய்வுகள் எடையையும் சர்க்கரையையும் அளந்தவை. ஜீன் சீட்டுகளை அல்ல. எதனால் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு விளக்கமாகத்தான் எபிஜெனடிக்ஸை விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள். பெல்ஜியத்தில் 240 பிரசவங்களின் நஞ்சுக்கொடியைச் சோதித்தபோது, கருவுற்ற ஆரம்ப நாட்களில் அதிகத் துகளைச் சுவாசித்த தாய்மாரின் நஞ்சுக்கொடியில் மொத்த மீதைல் அளவே குறைந்திருந்தது. இது 2013-ல். 2019-ல் அதே பெல்ஜியத்தில், நஞ்சுக்கொடியின் குழந்தை இருக்கும் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்ணாரக் கண்டார்கள்.

ஏன் ஆரம்ப நாட்கள்? கரு உருவானதும் பழைய சீட்டுகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டு, புதிதாக ஒட்டும் வேலை நடக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் சமயம் மாதிரி. அந்த நேரத்தில் காற்று கெட்டிருக்கக் கூடாது.

விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், வேறு மூன்று நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்குச் சமையல் கேஸ் கொடுத்துப் பார்த்தார்கள். புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் 2022-ல் வந்த முடிவின்படி குழந்தைகளின் எடை எதிர்பார்த்த மாதிரி கூடவில்லை. கேஸ் அடுப்பு வந்தது கருவுற்று 9 வாரத்துக்குப் பிறகு. அதற்குள் அஸ்திவார வேலை முடிந்துவிட்டதோ என்பது இன்று கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று. அதனால்தான், கர்ப்பம் உறுதியான பிறகு அல்ல, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே வீட்டுப் புகையைக் குறையுங்கள் என்கிறேன்.

பழி யார் மேல்?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாமியாரும் மருமகளும் வந்திருந்தார்கள். குழந்தை 2 கிலோ 200 கிராம்தான் பிறந்ததாம். ''ஒழுங்கா சாப்பிடவே மாட்டா டாக்டர். இவ உடம்புவாகே அப்படி. அவங்க பரம்பரையே ஒல்லி'' என்றார் மாமியார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, ''எங்கிட்ட இருந்துதான் குழந்தைக்கு வந்திருக்கா சார்?'' என்று கேட்டாள். விசாரித்தால், தினமும் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்திச் சுருள். வீட்டுக்காரருக்கு வாசலில் சிகரெட். ஜன்னலுக்குக் கீழேயே குப்பை எரிப்பு.

அந்தக் குழந்தையின் எடைக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எடை குறைய ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, குறைப்பிரசவம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் 'பரம்பரை' என்ற ஒரே வார்த்தையால் ஒரு பெண்ணின் மேல் பழியைப் போடுகிறோமே, அது தப்பு. காற்றை அவள் ஒருத்தியா கெடுத்தாள்? வீட்டில் எல்லோரும் சேர்ந்து கெடுத்ததை, ஊரே சேர்ந்து கெடுத்ததை, அவள் இரண்டு உயிருக்காகச் சுவாசிக்கிறாள். ''அம்மா, இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல'' என்று அவளிடம் சொன்னேன். மாமியாரிடம், ''பெரியம்மா, முதல்ல அந்தச் சுருளை நிறுத்துங்க'' என்றேன்.

'இது பேரன் பேத்தி வரைக்கும் போகுமா?' என்று கேட்பவர்களும் உண்டு. எலிகளில் சில தடயங்கள் இருக்கின்றன. மனிதர்களில் காற்று மாசின் சீட்டு தலைமுறை தாண்டிப் போகிறது என்று உறுதியாகக் காட்டிய ஆராய்ச்சி கிடையாது. ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

ஒட்டிய சீட்டு பிரியுமா?

நல்ல செய்தி இங்கேதான். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய 16 ஆயிரம் பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். சிகரெட்டால் மாறிய மீதைல் சீட்டுகளில் பெரும்பாலானவை, புகைப்பதை விட்ட 5 ஆண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. சில மட்டும் 30 ஆண்டு ஆனாலும் அப்படியே இருந்தன. ஆகப் புகை நின்றால் உடம்பு தன்னைத்தானே பெருமளவு சரிசெய்துகொள்ளப் பார்க்கிறது. தெருப்புகைக்கும் அதே கணக்கு பொருந்துமா என்பது இனிமேல் தெரியவேண்டிய விஷயம் என்றாலும், நம்பிக்கைக்கு இடமிருக்கிறது.

2017-ல் 10 பேரை மட்டும் வைத்து, பி வைட்டமின் மாத்திரைகள் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். துகளால் வரும் சீட்டு மாற்றம் குறைந்தது. பத்தே பேர்! அதுவும் சாதாரணத் தேவையைவிட மிக அதிக அளவு மாத்திரை. இதை நம்பி மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். கீரை, பயறு, பால், தயிர், முட்டை, மீன் என்று சாப்பாட்டில் சேருங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட், இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

சித்த மருத்துவம் என்ன செய்யும்?

சித்த மருத்துவன் என்பதால் என்னிடம் இதைக் கட்டாயம் கேட்பீர்கள். எங்கள் சாத்திரத்தில் வெளியே வீசுவதும் 'வளி', உடம்புக்குள் இயங்கும் வாதமும் 'வளி'. வெளிக் காற்று கெட்டால் உள்ளே கெடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஆடாதோடை, தூதுவளை, தாளிசாதி சூரணம் எல்லாம் சளி, இருமலுக்கு நாங்கள் கொடுப்பவை. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அடைத்த மூக்கு திறந்ததுபோல இதமாக இருக்கும். ஆனால் இவை எதுவும் ஜீன் மேல் மாறிய சீட்டைச் சரிசெய்யும் என்று நிரூபணம் ஆகவில்லை. 'ஜீன் சுத்தி', 'நுரையீரல் டீடாக்ஸ்' என்று நோட்டீஸ் அடித்து யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், அவர் எந்த வைத்தியராக இருந்தாலும் சரி, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கர்ப்பிணிகள் எந்தச் சூரணத்தையும் கேட்காமல் சாப்பிடக் கூடாது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டர் கொடுத்த இன்ஹேலரைச் சொந்த முடிவில் நிறுத்தவும் கூடாது.

'நோய் நாடல்' என்று எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. காரணத்தைத் தேடிப் பிடித்து அதை விலக்கு, மருந்து அதற்குப் பிறகு என்பதே அதன் சாரம். இங்கே காரணம் தெரிந்துவிட்டது. விலக்க வேண்டியதுதான் பாக்கி.

வீட்டில் செய்ய வேண்டியவை

* ஒரு கொசுவத்திச் சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கும் வலை அடியுங்கள்.

* பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை விடுங்கள். புகை போடுவது எங்கள் வைத்தியத்திலேயே உண்டுதான். ஆனால் பிஞ்சு நுரையீரலுக்கு அது தேவையில்லை. மெல்லிய துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாலே போதும். பூஜைக்கு ஏற்றினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

* தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். இல்லாவிட்டால் சமையலறை ஜன்னல் திறந்திருக்கட்டும்.

* ரோட்டை ஒட்டிய வீடா? காலையும் மாலையும் வண்டி நெரிசல் நேரத்தில் ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபக்கத்தைத் திறங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

* மார்கழி, தை மாத விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலே போகவிடாது. அந்த மாதங்களில் வெயில் ஏறின பிறகு நடைப்பயிற்சி போங்கள். அதுவும் சி.டி.எச். ரோட்டு ஓரமாக வேண்டாம். ஏரிக்கரை, பூங்கா, உள் தெரு நல்லது.

* பட்டறை, வெல்டிங் வேலைக்குப் போகிறவர்கள் கர்ச்சீப்பை மூக்கில் கட்டினால் நுண்துகள் நிற்காது. மூக்கோடு இறுக்கமாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றி, கைகால் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

* போகிக்குப் பழையது கழியட்டும். டயரும் பிளாஸ்டிக்கும் எரியவேண்டாம். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. தரையில் இருந்த குழந்தைகள் என்ன பாடு பட்டிருக்கும்!

* தெருவில் குப்பை எரித்தால், பட்டறைப் புகை வீட்டுக்குள் வந்தால், குடியிருப்போர் நலச்சங்கம் மூலமாக மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிக் கொடுங்கள். ஒருவர் சொன்னால் சண்டை. தெருவே சொன்னால் நடவடிக்கை.

கடைசியாக ஒன்று. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் கட்டி வளைகாப்பு நடத்துகிறோம். நல்ல விஷயம். அதோடு, அந்தப் பெண் படுக்கும் அறையில் பத்து மாதமும் புகை வராமல் பார்த்துக்கொள்வதும் அவளுக்கு நாம் செய்யும் சீர்தான். செலவு கொஞ்சம்தான். அதைச் செய்ய வேண்டியது அவள் மட்டுமல்ல, வீட்டிலுள்ள அத்தனை பேரும்.